மருதமடு அன்னையும் அடைக்கல மரபும்

ஈழத்தின் வடமேற்கே, மன்னார் மாவட்டத்துக் காட்டகத்தே அமைந்துள்ள மருதமடுத் திருப்பதி, கத்தோலிக்கரின் வழிபாட்டிடம் என்ற அளவில் மட்டும் கருதத்தக்கதன்று. ஆங்குள்ள சிறிய அன்னை உருவத்தைத் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வணங்குகின்றனர். பிற சமயத்தாரும் நாடிச் செல்கின்றனர். மொழியால் பிளவுண்ட ஒரு நாட்டில் இவ்வுருவம் இத்துணைப் பொதுமையை எய்தியது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடு என்பது ஆழமான நீர்நிலையைக் குறிக்கும் சொல். மருதமரம் சார்ந்த மடு என்னும் பொருளில் அக்காட்டிடம் பெயர் பெற்றது. ஆயின் அன்னையின் உருவம் அவ்விடத்தே தோன்றியதன்று, மாந்தையிலிருந்து வந்தது. மாந்தையாவது, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அமைந்த பழைய துறைமுகமாகிய மாதோட்டமே. 1544இல் சவேரியார் அனுப்பிய குருவால் மன்னார் மக்கள் பலர் திருமுழுக்குப் பெற்றனர். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாண மன்னன் சங்கிலி அவர்களுள் ஏறத்தாழ 600 பேரைக் கொல்வித்தான். 1560இல் மன்னார் போர்த்துக்கீசியர் கைப்பட்டது. அவர்கள் ஆட்சியில் மாந்தைக் கோயிலில் அன்னையின் உருவம் வழிபடப்பெற்றது.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர்; கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர்; குருமாரை வெளியேற்றினர். 1670 அளவில் மாந்தைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் 20, அவ்வுருவத்தைச் சுமந்து, ஒல்லாந்தர் கை எளிதில் எட்டாத மருதமடுக் காட்டினை அடைந்தன என்பது வழிவழி வரும் செய்தி. இது செவிவழி மரபேயாயினும், அக்காலச் சூழலோடு முற்றும் பொருந்துதலின் தள்ளத்தக்கதன்று. 1687இல் கோவாவினின்றும் மாறுவேடத்தில் வந்த யோசேப்பு வாஸ் அடிகள், பௌத்த மன்னனின் ஆட்சியிலிருந்த கண்டியில் தங்கிப் பணியாற்றி, 1711இல் ஆங்கே மறைந்தார். கிறித்தவ அரசு ஒன்று துரத்திய கிறித்தவர்க்குப் பௌத்த அரசு புகலிடம் அளித்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

பின்னர்த் தடை நீங்கியது. யாழ்ப்பாண ஆயர் பொஞ்சான் 1872இல் புதிய கோயிற்பணியைத் தொடங்கினார். 1924ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2ஆம் நாள், பாப்பரசரின் பெயரால் அவ்வுருவத்திற்கு முடி சூட்டப்பெற்றது. மருதமடு மண் பாம்புக்கடியினின்று காக்கும் என்னும் நம்பிக்கை, காட்டுவழி நடந்த எல்லாச் சமயத்து மக்களிடையும் பரவிற்று.

எனினும் இத்திருப்பதியின் நாடளாவிய பொருளை உள்நாட்டுப் போரே முழுமையாக வெளிப்படுத்திற்று. ஊர் இழந்த தமிழ் மக்கள் பல்லாயிரவர் கோயில் வளாகத்தில் தங்கினர். 1999 நவம்பரில் அங்கு வீழ்ந்த எறிகணைகள் புகலடைந்தோர் பலரைக் கொன்றன. 2008 ஏப்பிரலில் போர் நெருங்கவே, குருமார் உருவத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசென்றனர். அவ்வூர் அப்போது விடுதலைப் புலிகளின் ஆட்சிப் பகுதியில் இருந்தமையால், உருவம் எப்பக்கத்தாரின் எல்லைக்குள் இருத்தல் வேண்டும் என்பதே அரசியல் வழக்காயிற்று. அவ்வாண்டு ஆகத்திலேயே அது மருதமடுவிற்கு மீண்டது. 1670இல் போன்றே 2008இலும் அடைக்கலம் தருவதாகக் கருதப்பட்ட உருவம் தானே அடைக்கலம் தேடிச் சென்றது.

அடைக்கலம் தமிழர்க்குப் புதிய கருத்தன்று. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மாதரியிடம் ஒப்படைக்கின்றார். சமண அடிகள் தம் சமயத்தை வினவி அம்மடந்தையைக் காத்தாரல்லர், மாதரியும் அவ்வாறே. வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அவ்வூர் அன்னையைக் கலம்பகத்தால் போற்றியதும் இம்மரபின்பாற்பட்டதே.

ஆகவே மருதமடு அன்னையின் பெருமை முடிசூட்டினால் மட்டும் வந்ததன்று. ஒரு நாட்டிற்குரிய சின்னம் என்பது பொதுவாக ஓர் இனத்தின் வெற்றியைக் குறிப்பது. இவ்வுருவமோ துரத்தப்பட்டோரின் நடையைக் குறிப்பது. வெற்றியைப் பங்கிடுதல் அரிது. துன்பத்திற்குப் புகலிடம் வேண்டுதல் எவர்க்கும் பொது. 2015 சனவரி 14ஆம் நாள், கொழும்பில் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிசு, அன்றே மருதமடுவிற்கும் சென்றார். ஆங்கு இரு மொழியாரும் போரில் இழந்தோரை நினைந்து ஒருங்கே நின்றனர். அவ்வொற்றுமை நிலைத்துவிட்டது என்று யாம் கூறத் துணியோம். அது இயலும் என்பதற்கு மருதமடு ஒரு சான்று என்றே கூறுவோம்.