யார் ஊரிலும் இல்லாத கோப்பி

ஜொகூர் பாருவின் பழைய நகரப் பகுதியில், தான் ஹியோக் நீ சாலைக்கும் டோபி சாலைக்கும் இடையே சில நிமிட நடைதான். முதல் சாலையில் ஹியாப் ஜூ ரொட்டிக் கடை இருக்கிறது. ஹைனான் சீனர்களுடைய அந்தக் கடை 1919இல் தொடங்கியது என்பார்கள். மற்றதில் 1937இல் இந்திய முஸ்லிம்கள் தொடங்கிய சலாஹுடின் பேக்கரி. இரண்டுமே விறகு அடுப்பில் சுடுவதால் பேர் பெற்றவை. ஒன்றில் வாழைப்பழக் கேக்கும் தேங்காய் பன்னும், இன்னொன்றில் ரொட்டியும் கறிப்பஃபும். பக்கத்தில் துருஸ் சாலையில் 1946இல் திறந்த ஹுவா முய் உணவகம் கோப்பியும் சிக்கன் சாப்பும் விற்கிறது. வார இறுதியில் பாலம் தாண்டி வரும் சிங்கப்பூர்க்காரர்கள் இந்த மூன்றையும் ஒரே காலையில் முடித்துவிடுகிறார்கள். இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் எழுதும் ஒரு வாக்கியம் உண்டு: முன்னோர்கள் தாய்நாட்டிலிருந்து கொண்டுவந்த சுவை என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சான்றுகள் அந்தப் பக்கம் இல்லை. ஜொகூரின் கோப்பியும் ரொட்டியும், இங்கே குடியேறியவர்களில் யாருடைய ஊரிலும் அன்றாட உணவாக இருந்ததில்லை. வேறு வேலைக்கு வந்தவர்கள், அந்த வேலை கிடைக்காமலோ கைவிட்டுப் போயோ, இங்கே வந்த பிறகு கற்றுக்கொண்ட தொழில் இது.

கோப்பியிலிருந்தே தொடங்கலாம். ஜொகூர் தன் செல்வத்தைக் கட்டியது காம்பீரையும் மிளகையும் கொண்டு. 1840களிலிருந்து சீன ஆற்றுத் தலைவர்களுக்கு ஆற்றங்கரைகளைப் பிரித்துக் கொடுத்து இந்த இரண்டையும் பயிரிட வைத்தார்கள். தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்ட காம்பீரின் இலை இன்றும் மிளகோடு சேர்ந்து மாநிலச் சின்னத்தில் இருக்கிறது. கோப்பிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அது வந்த வழியே வேறு. 1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் அங்கே கோப்பித் தொழில் அழிந்தது. மலைநாட்டில் தேயிலை வந்தது. தேயிலைக்கு மாறாத துரைமார் பலர் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இலங்கையில் அவர்கள் பழகியிருந்த வேலை முறை பின்னாலேயே வந்தது, அந்த முறைக்கு வேண்டிய தமிழ்க் கூலிகளும் வந்தார்கள். இங்கே அவர்கள் நம்பியது அரபிகாவை அல்ல, லிபெரிகாவை. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மரம் 1870களில் ஆசியக் காலனிகளுக்குப் பரவியது. தாழ்நிலத்தின் வெக்கையைத் தாங்கும், நோயையும் ஓரளவு தாங்கும் என்று நினைத்தார்கள். ஆளை விட மிக உயரமாக வளரும், கொட்டை பெரியது, தோல் தடித்தது, பறிப்பதும் பதப்படுத்துவதும் சிரமம். உலகச் சந்தை அதை ஒருபோதும் விரும்பியதில்லை.

1890களின் பின்பாதியில் பிரேசில் கோப்பி உலகையே மூழ்கடித்தது. விலை சரிந்தது. மலாயாவின் பெரிய தோட்டங்கள் கோப்பியை வெட்டிவிட்டு ரப்பர் நட்டன. மலேசியத் தமிழர் வரலாறு வழக்கமாகத் தொடங்குவது இந்த ரப்பர் மரத்தடியில்தான். அதற்கு முன் ஒரு கோப்பிக் காலம் இருந்தது என்பதும், கங்காணி முறை கோப்பியோடுதான் இங்கே அறிமுகமானது என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை. ரப்பர் வந்த பிறகு ஜொகூரில் கோப்பி மரம் பிழைத்தது சிறு நிலங்களில். பத்து பகாட், பொந்தியான், மூவார் பக்கத்துத் தாழ்வான மேற்குக் கரையில் ஜாவானியரும் மலாய்க்காரர்களும் சீனர்களும் தென்னைக்கும் பாக்குக்கும் நடுவே அதை வைத்திருந்தார்கள். துரைகளுக்கு வேண்டாத மரம், ஏற்றுமதிக்குத் தகாத கொட்டை. அதனாலேயே அது உள்ளூரில் மலிவாகக் கிடைத்தது. கோப்பிக் கடை என்ற தொழிலுக்கு முதல் மூலதனம் இந்த மலிவுதான்.

மலிவான கொட்டையைக் குடிக்கும்படி ஆக்க ஒரு வறுவல் முறை உருவானது. இரும்பு உருளையில் கொட்டையைக் கருக வறுத்து, இறுதியில் சர்க்கரையையும் மார்ஜரினையும் கொட்டுவார்கள். சர்க்கரை உருகிக் கருகி ஒவ்வொரு கொட்டையின் மேலும் ஒட்டும். வெளியே கொட்டி ஆறவிட்டால் பாறைபோல் கட்டியாகும், அதை உடைத்துத்தான் அரைக்க வேண்டும். அந்தத் தூளைத் துணிப் பையில் போட்டு, மூக்கு நீண்ட தகரப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்துக்கு இரண்டு மூன்று முறை இறக்கினால் தார்போல் டிக்காஷன் வரும். லிபெரிகாவின் பலாப்பழ வாடையும் புகை வாசமும் கருகிய சர்க்கரையும் சேர்ந்த இந்தக் கறுப்பு நீருக்குப் பசும்பால் எடுபடாது. தமிழ்ப் பால்காரர்கள் மாடு வைத்திருந்த இடங்களைத் தவிர நகரில் பசும்பால் கிடைப்பதும் அரிது. டின் பால் அந்த இடத்தைப் பிடித்தது. நெஸ்லேயின் முன்னோடி நிறுவனம் 1912இல் பினாங்கில் கடை விரித்தது டின் பால் விற்பதற்காகவே. ஆக, நாம் பாரம்பரியம் என்று கொண்டாடும் ஒரு கோப்பிக் கோப்பையில் ஆப்பிரிக்க மரம், சுவிஸ் டின், இலங்கை நோய், பிரேசில் விலை இவ்வளவும் கலந்திருக்கின்றன.

அப்படியென்றால் ஹைனானியருக்கு இதில் என்ன பங்கு? கடைகளை நடத்தியவர்கள் அவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏன் அவர்கள்? ஹைனான் தீவின் ஹாய்கோவ் துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தது 1876இல். தியோச்சியூ மக்கள் காம்பீரையும் ஹொக்கியன் மக்கள் வணிகத்தையும் அதற்குள் பிடித்துவிட்டிருந்தார்கள். பிந்தி வந்த ஹைனானியருக்கு எஞ்சியது வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறை, கப்பல், கிளப். அங்கேதான் வெண்ணெய், கேக், ரொட்டி, சாப் எல்லாம் அவர்கள் கைக்குப் பழகின. 1930களின் பொருளாதார மந்தம் வந்தபோது சம்பள வேலைகள் போயின, கடை வீட்டு வாடகையும் விழுந்தது. சேமிப்பைப் போட்டுச் சமையல்காரர்கள் முதலாளி ஆனார்கள். குளுவாங் ரயில் நிலையத்தில் 1938இல் தொடங்கிய கோப்பிக் கடை அந்தக் காலத்தது. கெமாசிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 1909இல் ஓடத் தொடங்கிய ரயில்தான் அதற்கு வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தது. அந்தப் பாதையைப் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழர் உழைப்பும், நிலைய அலுவலகங்களில் யாழ்ப்பாணத்தார் எழுத்தும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஹைனானிலேயே கோப்பி விளைகிறதே, சிங்லோங் கோப்பி பேர் பெற்றதாயிற்றே, அப்படியானால் கோப்பி அவர்கள் ஊர்ச் சரக்குத்தானே? நல்ல கேள்வி. ஆனால் சிங்லோங்கில் உள்ள பண்ணை 1951இல் நிறுவப்பட்டது. நிறுவியதன் காரணமே மலாயாவிலிருந்தும் மற்ற தென்கிழக்காசிய நாடுகளிலிருந்தும் திரும்பிய சீனர்களைக் குடியமர்த்துவதுதான். அவர்களோடு சேர்ந்து போனதுதான் அந்தக் கோப்பிப் பழக்கம். பயணத்தின் திசை நாம் நினைப்பதற்கு நேர் எதிர்: தாய்நாட்டிலிருந்து மலாயாவுக்கு அல்ல, மலாயாவிலிருந்து தாய்நாட்டுக்கு.

நம் பக்கத்திலிருந்தும் இதே மறுப்பு வரலாம். காப்பி என்றால் தமிழன் அல்லவா, கும்பகோணம் டிகிரி காப்பி இல்லையா என்று. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற ஆய்வைப் படித்தவர்களுக்குத் தெரியும், தமிழ்நாட்டிலும் காப்பி காலனியக் காலத்துப் புதுவரவு. அது நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக மாறியதற்கு முன் பெரிய வசைகளையும் வாங்கிக்கொண்டது. தோட்டத்துக்குக் கப்பலேறியவர்கள் அந்த நடுத்தர வர்க்கம் அல்ல. காலையில் நீராகாரமும் கஞ்சியும் குடித்து வளர்ந்தவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகும்போது பால் இல்லாமல் குடித்த வரக்கோப்பியை அவர்கள் கற்றது இங்கேதான். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சென்னையில் 'பிராமணாள்' என்று பலகை மாட்டிய உணவகங்களை எதிர்த்துப் பெரியார் 1957இல் மறியல் நடத்த வேண்டியிருந்தது. காப்பி ஹோட்டல் அங்கே சாதி பார்த்து உட்கார வைத்த இடமாக இருந்திருக்கிறது. ஜொகூரின் கோப்பிக் கடைக்கு வேறு குறைகள் உண்டு; இனத்துக்கு இனம், மதத்துக்கு மதம் உணவுக் கட்டுப்பாடு வேறு, எல்லாரும் எல்லா மேசையிலும் உட்கார்ந்தார்கள் என்று சொன்னால் அது பொய். ஆனால் காசு கொடுத்த தோட்டக்காரருக்கு வெளியே தனிக் குவளை வைக்கும் வழக்கத்தை அந்தக் கடைகள் ஊரிலிருந்து இறக்குமதி செய்யவில்லை. கொண்டுவராதவையும் ஒரு தொழிலின் வரலாற்றில் கணக்கில் வர வேண்டும்.

ரொட்டிக்கு வந்தால் வாதம் இன்னும் எளிது. மலாயாவில் கோதுமை விளையாது, மாவு முழுவதும் கப்பலில் வர வேண்டும். ஹைனானிலும் தமிழகத்திலும் கேரளக் கரையிலும் வீட்டு உணவு அரிசி. புளிக்க வைத்த கோதுமை மாவை மூடிய அடுப்பில் சுடுவது இவர்களில் எவருடைய பாட்டிக்கும் தெரியாது. பட்டாளத்துக்கும் கப்பலுக்கும் துரை வீட்டுக்கும் தினமும் ரொட்டி தேவைப்பட்டது; அந்தத் தேவையைச் சமாளிக்க ஒரு பக்கம் ஹைனானியரும் மறுபக்கம் இந்திய முஸ்லிம்களும் தொழிலைக் கற்றார்கள். இரண்டு குழுக்களின் அடுப்பும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம் இதுதான்: ஒருவரை ஒருவர் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்பதல்ல, இருவருக்கும் வாடிக்கையாளர் ஒருவரே. வேறுபாடு பின்னால் வந்தது. வெள்ளைக்காரர் போய் உள்ளூர்க்காரர் வாங்கத் தொடங்கியதும் ஒரு கடை பன்னுக்குள் தேங்காயையும் கேக்குக்குள் வாழைப்பழத்தையும் வைத்தது, இன்னொன்று மாவுக்குள் கறியை வைத்து மடித்தது.

விறகு அடுப்பு என்பது காட்சிப் பொருள் அல்ல, கடினமான வேலை. செங்கல் குகைக்குள் விறகை மணிக்கணக்கில் எரிப்பார்கள். சுவர் சூடு குடித்த பிறகு தணலை ஓரம் தள்ளித் தரையைத் துடைத்து, நீண்ட மரத் துடுப்பால் தட்டுகளை உள்ளே அனுப்புவார்கள். சூடு முதலில் மூர்க்கமாக இருக்கும், பிறகு மெல்ல இறங்கிக்கொண்டே வரும். ரொட்டிக்கு ஏற்ற வேளை ஒன்று, கேக்குக்கு ஏற்ற வேளை வேறு. திருகிக் கூட்டவோ குறைக்கவோ குமிழ் கிடையாது. எந்தத் தட்டை எப்போது இடம் மாற்றுவது என்பது கையும் கண்ணும் மூக்கும் சேர்ந்து எடுக்கும் முடிவு. ஓரத்தில் சற்றுக் கருகி, நடுவில் ஈரம் மாறாத வாழைப்பழக் கேக்குக்காக வரிசையில் நிற்பவர்கள் உண்மையில் வாங்குவது இந்த முடிவைத்தான்.

கடைசியாக ஒரு மறுப்பு, இதுதான் கனமானது. எவரும் கொண்டுவரவில்லை, எல்லாம் சூழ்நிலை என்றால் பாரம்பரியம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லையே, பின் எதைப் பாதுகாப்பது? நூறு ஆண்டுகள் ஒரே அடுப்பில் உழைத்தால் கற்றதும் பாரம்பரியம்தான். மூலம் எது என்று பொய் சொல்ல வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. இப்படிப் பார்த்தால், தான் ஹியோக் நீ சாலையில் பழைய கடை வீடுகளுக்குள் இன்று எஸ்பிரெஸோ இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் புதுக் கஃபேக்களை வெறுக்கவும் காரணமில்லை. வெளியிலிருந்து வந்த பழக்கத்தை உள்ளூர்க் கையால் மாற்றுவது இந்தச் சாலையின் பழைய தொழில். உலகம் ஒதுக்கிய ஜொகூர் லிபெரிகாவைக் கருக வறுக்காமல் மிதமாக வறுத்துப் பெருமையோடு விற்கும் இளைஞர்கள், சர்க்கரை மார்ஜரின் வறுவலைக் கண்டுபிடித்தவர்களின் வாரிசுகளே. கவலைப்பட வேண்டியது முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு அடுப்பை இடிப்பவர்களைக் கண்டு. சுவரோவியமும் பழைய பெயர்ப்பலகையும் ஒரு ரொட்டியைச் சுடாது.

தமிழ் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். ஹைனானியர் சங்கங்கள் தங்கள் கடைகளின் கதையை எழுதி வைத்திருக்கின்றன. ஜொகூரில் ரொட்டி சுட்ட இந்திய முஸ்லிம் குடும்பங்கள், சைக்கிளில் ரொட்டி விற்றவர்கள், கோப்பித் தோட்டத்தில் தொடங்கி ரப்பரில் முடிந்த தமிழ்க் குடும்பங்கள் இவர்களின் கதை பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே நிற்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், எந்த ஊர், எந்தத் தோட்டம் அல்லது கடை, யாரிடம் தொழில் கற்றார் என்பதைக் கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள்.