அனுமதிப்பத்திரப் படமும் முகத்திரையும்: நீதிமன்றங்கள் சொன்னது என்ன?

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு முகத்தைத் திறந்துதான் படம் எடுக்க வேண்டுமா? நிகாப் அணியும் சகோதரிகள் கேட்கும் இந்தக் கேள்விக்கு நம்மவர்கள் கோபத்தோடு பதில் சொல்கிறார்கள். வெளிநாட்டு நீதிமன்றங்கள் இதை எப்படி அணுகின என்பதை அறிந்து பேசுவது நல்லது.

அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் புளோரிடா மாநில வழக்கு. 2001இல் சுல்தானா ஃப்ரீமன் என்ற முஸ்லிம் பெண்ணுக்குக் கண்கள் மட்டும் தெரியும் படத்துடன் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின்னர் முகம் தெரியும் படம் கேட்டார்கள். அவர் மறுத்தார். 2002இல் அனுமதிப்பத்திரம் இரத்தானது. வழக்கில் 2003இல் தோற்றார். 2005இல் மேன்முறையீட்டிலும் தோற்றார்.

அவருடைய ஈமானின் நேர்மையை நீதிமன்றம் சந்தேகிக்கவில்லை. ஆண்கள் இல்லாத தனி அறையில் பெண் அலுவலர் படம் எடுக்க அரசு தயாராக இருந்தது. எனவே சில நிமிடங்கள் முகம் திறப்பது மத அனுஷ்டானத்துக்குப் பாரிய சுமை அல்ல என்பதே தீர்ப்பு. நிர்ப்பந்த நிலையில் ஷரீஆ சலுகை அளிக்கிறது என்று அரசுத் தரப்பில் சாட்சி சொன்னவரும் ஒரு முஸ்லிம் அறிஞரே.

இந்தப் பிரச்சினை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. உருவம் எடுப்பதே பாவம் என நம்பிய ஒரு கிறிஸ்தவப் பெண் நெப்ராஸ்கா மாநிலத்தில் படமில்லாத அனுமதிப்பத்திரம் கேட்டு 1984இல் வென்றார். வேறு சில வகை அனுமதிப்பத்திரங்களை அந்த மாநிலம் ஏற்கெனவே படமின்றி வழங்கி வந்தது அவருக்குச் சாதகமானது. 1985இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் சரிபாதியாகப் பிரிந்ததால் அத்தீர்ப்பு நிலைத்தது.

அதே நம்பிக்கை கொண்ட ஹட்டரைட் கிறிஸ்தவர்கள் கனடாவின் அல்பேர்ட்டாவில் தோற்றார்கள். பல்லாண்டுகளாக இருந்த விதிவிலக்கை 2003இல் மாகாணம் நீக்கியது. அடையாளத் திருட்டைத் தடுக்க எல்லோருடைய படமும் தேவை என்ற வாதத்தை 2009இல் கனடிய உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் ஏற்றது.

இவ்வழக்குகளில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. விதி உண்மையிலேயே அவசியமா? மதத்தைப் பேணியபடியே அதை நிறைவேற்ற வழி தரப்பட்டதா? படமே வேண்டாம் என்ற கோரிக்கை சில வேளை வென்றது, சில வேளை தோற்றது. பெண் அலுவலர், தனி அறை என்ற ஏற்பாட்டையோ புளோரிடாவில் அரசே முன்வைத்தது. நீதிமன்றமும் அதையே நியாயமாகக் கண்டது.

இங்கேதான் நமது குறை தெரிகிறது. பரீட்சை மண்டபத்தில் அடையாளம் பார்க்கும்போது மாணவியை ஒதுக்குப்புறமாக அழைத்துப் பெண் மேற்பார்வையாளர் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அது பொறுப்பாளரின் நல்ல மனதில் தங்கியிருக்கிறது. மனமில்லாதவர் வந்தால், எல்லோர் முன்னிலையிலும் கலங்கிப்போன பிள்ளை வினாத்தாளை வாசிக்கவே தடுமாறும். ஆசிரியராக அதைக் கண்டிருக்கிறேன்.

நமது அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மதச் சுதந்திரத்தையும் 14(1)(உ) அதை வெளிப்படுத்தும் உரிமையையும் தருகின்றன. பின்னையதைத் தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே அவகாசம். பலர் இதை அறியாமல் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள்.

ஆகவே முகமே காட்ட மாட்டோம் என்று வாதிடுவதைவிட, பெண் அலுவலர் முன்னிலையில் தனியிடத்தில் காட்டும் வசதியை எழுத்துமூல சுற்றறிக்கையாகக் கேட்பதே புத்திசாலித்தனம். அனுமதிப்பத்திர அலுவலகத்துக்கும் பரீட்சை மண்டபத்துக்கும் அது பொருந்தும். ஜம்இய்யாக்களும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் நமது பாராளுமன்ற உறுப்பினர்களும் அடுத்த பிரச்சினை வெடிக்கும் வரை காத்திராமல் இதைக் கேட்க வேண்டும்.