அயல்நாடுவாழ் அமெரிக்கக் குடிமக்களின் வருமான வரி

பெரும்பாலான நாடுகள் ஒருவர் எங்கே வசிக்கிறார் என்பதைப் பார்த்து வருமான வரி விதிக்க, அமெரிக்க ஐக்கிய நாடுகளோ அவர் எந்நாட்டுக் குடிமகன் என்பதையே பார்க்கிறது. துபாயில் சம்பளம் வாங்கினாலும் டோக்கியோவில் கடை நடத்தினாலும், வருமானம் சட்டம் குறித்த வரம்பைத் தாண்டுமாயின், உலகெங்கும் ஈட்டியதைத் திரட்டி ஐ.ஆர்.எஸ். எனப்படும் வருவாய்த் துறையிடம் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்வது அமெரிக்கக் குடிமகனின் கடமை. வெளிநாடுவாழ் குடிமக்களிடம் 2 விழுக்காடு வரி கேட்கும் எரித்திரியாவைத் தவிர இதற்கு இணை சொல்ல நாடு இல்லை.

இம்முறை உள்நாட்டுப் போருக்குப் பணம் திரட்டிய 1860-களின் சட்டங்களில் தொடங்கி, 1913-இல் நிலைபெற்ற கூட்டரசு வருமான வரியிலும் தொடர்ந்தது. மெக்சிக்கோ நகரில் வசித்து அந்நாட்டுச் சொத்திலிருந்தே வருமானம் பெற்ற குக் என்னும் குடிமகன் தொடுத்த வழக்கில், அரசின் பாதுகாப்பு குடிமகனை எங்கிருந்தாலும் தொடர்வதால் வரியும் தொடரலாம் என்று 1924-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரு நாடுகளுக்கும் முழு வரி கட்டும் நிலை நேராதிருக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, படிவம் 2555 வழியாகக் கோரப்படும் வருமான விலக்கு. உழைத்து ஈட்டிய வருமானத்தில் 2025-ஆம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை இதனால் வரியிலிருந்து நீங்கும், வட்டி, பங்காதாயம், வாடகை ஆகியவை நீங்கா. இதற்கு ஓர் அயல்நாட்டின் மெய்யான குடியிருப்பாளராக ஒரு முழு வரியாண்டையேனும் உள்ளடக்கி இடைவிடாது வசித்திருக்க வேண்டும். அல்லது தொடர்ச்சியான 12 மாதங்களில் 330 முழு நாள்கள் அயல்நாடுகளில் இருந்திருக்க வேண்டும். முழு நாள் என்பது நள்ளிரவு தொடங்கி 24 மணி நேரம் ஆதலால், அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட நாளும் பெருங்கடலின் மேல் பறந்த நேரமும் கணக்கில் சேராமல், அயல்மண்ணில் இறங்கியபின் வரும் நள்ளிரவிலிருந்தே எண்ணிக்கை தொடங்குகிறது. இரண்டாவது வழி, வசிக்கும் நாட்டில் கட்டிய வருமான வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளும் வரி வரவு. இதற்குரியது படிவம் 1116. வருமான வரியே இல்லாத வளைகுடா அரசுகளில் முதல் வழியும், வரி விகிதம் உயர்ந்த நாடுகளில் இரண்டாவதும் பெரும்பாலும் ஆதாயமானவை.

இவ்வழிகளால் பலர் இறுதியில் அமெரிக்காவுக்கு ஒரு டாலரும் கட்ட நேர்வதில்லை. உண்மையான சுமை வரியில் அன்று, அறிவிப்புகளிலேயே இருக்கிறது. அயல்நாட்டில் வசிப்போருக்குத் தாக்கல் கெடு ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 15-க்குத் தானே நீளும், ஆயினும் நிலுவை வரிக்கு வட்டி ஏப்ரலிலிருந்தே ஏறும். அயல்நாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒருநாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால் கருவூலத் துறைக்கு எஃப்பார் என்னும் தனி அறிக்கை அனுப்ப வேண்டும். அதை வேண்டுமென்றே அல்லாமல் தவறவிட்டவருக்குக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் தண்டம் விதிக்கலாகாது, அறிக்கைக்கு ஒன்றே என்று 2023-இல் பிட்னர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 2010-இல் இயற்றப்பட்ட ஃபாட்கா சட்டத்துக்குப் பின், அமெரிக்கரின் கணக்கு விவரங்களை அயல்நாட்டு வங்கிகளும் தெரிவிக்கின்றன. இதற்கான ஒப்பந்தத்தில் இந்தியா 2015-இல் கையெழுத்திட்டது.

அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின் சென்னைக்கோ கோவைக்கோ திரும்பி வாழ்வோருக்கு வேறு சிக்கல்களும் உண்டு. இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்க, அமெரிக்க வரியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், ஒரே சம்பளத்தை இரு விதமாகப் பகுத்துக் காட்ட நேர்கிறது. இந்தியாவில் சாதாரணச் சேமிப்பாகக் கருதப்படும் மியூச்சுவல் ஃபண்டை அமெரிக்கச் சட்டம் செயலற்ற அயல்நாட்டு முதலீட்டு நிறுவனமாக வகைப்படுத்தி, மாற்று முறை எதையும் தேர்ந்தெடுக்காதவரின் ஆதாயத்தை அவர் அதை வைத்திருந்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, கடந்த ஆண்டுகளின் பங்குக்கு அவ்வவ்வாண்டின் உச்ச விகிதத்தில் வட்டியுடன் வரி கேட்கிறது. எஸ்.ஐ.பி. என்னும் தவணை முறையில் சிறு தொகை போடுபவருக்கு இது பொருத்தமற்ற கடுமை என்றே சொல்ல வேண்டும். இரு நாடுகளுக்கிடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பினும், தன் குடிமக்களுக்கு வரி விதிக்கும் உரிமையை அமெரிக்கா அதிலேயே காத்துக்கொண்டுள்ளது.

குடியுரிமையைத் துறப்பதும் எளிய விடுதலையன்று. நியூயார்க்கில் பிறந்து பிரிட்டனில் வளர்ந்து பின்னாளில் அந்நாட்டுப் பிரதமரான போரிஸ் ஜான்சன், லண்டன் வீட்டை விற்ற ஆதாயத்துக்கு அமெரிக்கா கேட்ட வரியை முதலில் மறுத்துப் பின் செலுத்தி, 2016-இல் குடியுரிமையைத் துறந்தார். துறப்போர் முந்தைய 5 ஆண்டுகளின் வரிக் கடமைகள் அனைத்தையும் நிறைவேற்றியதாகப் படிவம் 8854-இல் சான்றளிக்க வேண்டும். அது இயலாதவர், குறுகிய சில விதிவிலக்குகள் நீங்கலாக, செல்வம் குறைந்தவராயினும், துறக்கும்போது சொத்துகளை விற்றதாகக் கருதி விதிக்கப்படும் வெளியேற்ற வரியின் விதிகளுக்கு உட்படுகிறார்.