கிளிஞ்சல் சுண்ணாம்பு

சிப்பி, மட்டி முதலியவற்றின் ஓடுகளைச் சூளையிலிட்டு நீற்றிப் பெறும் சுண்ணாம்பு. கட்டடப் பணிக்கும் நீர்ச் சுத்திகரிப்புக்கும் உபயோகமாவது. உணவின்பொருட்டுச் சதை எடுக்கப்பட்டபின் கரையில் குவிந்து துர்நாற்றம் பரப்பும் இவ்வோடுகள், நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 95 பங்கு கால்சியம் கார்பனேட்டாலானவை என்பதை நோக்குங்கால், இவை குப்பையல்ல, கடல் அளித்த சுண்ணக்கல்லே என்பது புலனாகும்.

தயாரிப்பு: கழுவிய ஓடுகளைக் கரியுடன் மாறிமாறி அடுக்கி, சுமார் 900 பாகை செல்சியஸ் உஷ்ணத்தில் எரிக்க, கரியமில வாயு நீங்கி, 100 பங்கு தூய கார்பனேட்டிலிருந்து 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதன்மீது நீர் தெளித்தவுடன், ஓடு சீறி, ஆவி கிளப்பி, விண்டு, கண்ணெதிரே வெண்பொடியாக உதிர்ந்துவிடும்.

கட்டடம்: இப்பொடியை மணலுடன் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துக் குழைத்த காரையே, காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் உட்கொண்டு கல்லாக இறுகித் தமிழகத்துப் பழஞ்சுவர்களைத் தாங்கிற்று, செட்டிநாட்டு மாளிகைகளிலோ, முட்டையின் வெண்கருவும் கலந்த மேற்பூச்சு, கூழாங்கல்லால் தேய்க்கப்பெற்றுக் கண்ணாடிபோல் மிளிர்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா, தென் கரோலினா கடற்கரைகளில், சிப்பிச் சுண்ணாம்பும் மணலும் முழுச் சிப்பிகளும் கலந்த ‘டாபி’ என்னும் வார்ப்பு வழங்கிற்று. உடைத்த ஓட்டை இக்காலக் கான்கிரீட்டில் ஜல்லிக்கு ஈடாகச் சேர்ப்போர், இரும்புக் கம்பியைத் துருவேற்றும் உப்பை முற்றும் கழுவிவிடுதல் அவசியம்.

நீர்ச் சுத்திகரிப்பு: நீற்றிய சுண்ணாம்பு, கடின நீரின் கால்சியத்தையும் கழிவுநீரின் பாஸ்பேட்டையும் வண்டலாகப் படியச் செய்யும், சுடாத ஓட்டுப் படுகையோ, அமில நீரின் புளிப்பை எரிபொருட் செலவின்றியே தணிக்கும்.