அந்த 49 நிமிஷம்

2021 ஜூன் 8. இந்திய நேரப்படி மதியம் 3.17. கார்டியன், ரெட்டிட், பிரிட்டிஷ் அரசோட இணையதளம்னு வரிசையா 503 எரர். ஹேக்கிங் எல்லாம் இல்லைங்க. ஃபாஸ்ட்லி என்ற சிடிஎன் கம்பெனியோட வாடிக்கையாளர் ஒருத்தர் தன் செட்டிங்கை மாற்றினார். அதில் தப்பே இல்லை என்பதுதான் என்னை இந்தக் கதைக்குள்ள இழுத்தது.

சிடிஎன் வேலை எளிது: பக்கத்தோட நகலைப் பல ஊர் சர்வர்களில் வைத்து, கேட்கிறவருக்குக் கிட்ட இருந்து கொடுப்பது. எம்ஐடியில் டாம் லெய்ட்டனும் டேனி லெவினும் செய்த கணித ஆராய்ச்சியிலிருந்து 1998ல் ஆகமாய் இப்படித்தான் பிறந்தது. நகல்னாலே அடுத்த கேள்வி, எவ்வளவு நேரம் வைக்கலாம்? லோகோ ஒரு வருஷம் கிடக்கலாம். கிரிக்கெட் ஸ்கோர் சில நொடிதான். நீங்க லாகின் பண்ணின பக்கத்தை வைக்கவே கூடாது, அடுத்தவர் கண்ணில் பட்டுடும்.

இந்த விதிகளை எழுத, நார்வே பத்திரிகை வெர்டென்ஸ் காங்குக்காக 2006ல் வந்த வார்னிஷ் மென்பொருள், விசிஎல் என்ற குட்டி மொழியையே கொடுத்தது. ஃபாஸ்ட்லி அதன்மேல் எழும்பிய கம்பெனி. 2014ல் டெராஃபார்ம் வந்த பிறகு, விதிகளை ஃபைலா எழுதி, கிட்டில் வைத்து, இன்னொருத்தர் பார்த்து ஓகே சொன்னதும் அப்ளை பண்ற பழக்கம் பரவியது. யார், எப்போ, எதை மாத்தினாங்கன்னு தெரியும். திரும்பிப் போகவும் வழி உண்டு. நான் இதன் கட்சிதான்.

ஆனா ரிவ்யூ பார்ப்பது உங்க ஃபைலை மட்டும். கீழே ஓடும் மென்பொருளை இல்லை. மே 12 அன்னிக்கு ஃபாஸ்ட்லி செய்த அப்டேட்டில் ஒரு பக் நுழைந்து தூங்கிக்கிட்டிருந்தது. குறிப்பிட்ட சூழலில் குறிப்பிட்ட ஒரு செட்டிங் வந்தால்தான் முழிக்கும். வந்தது. மாற்றத்தை நொடிகளில் உலகம் முழுக்கக் கொண்டுபோவதுதான் ஃபாஸ்ட்லியோட பெருமை. அதே வேகத்தில் நெட்வொர்க்கின் 85 சதவீதம் எரர் கொடுத்தது.

ஒரே நிமிஷத்தில் கவனிச்சுட்டாங்க. ஆனா எந்தச் செட்டிங் என்று பிடிக்க 40 நிமிஷம். நடுவில் தி வெர்ஜ், கூகுள் டாக்ஸில் செய்தி போட்டு எடிட்டிங்கைப் பூட்ட மறக்க, வாசகர்கள் உள்ளே பூந்து விளையாடினாங்க! 49வது நிமிஷத்தில் 95 சதவீதம் திரும்பியாச்சு.

பக்கைத் திருத்திய மென்பொருள் இரவு 10.55க்குப் போக ஆரம்பிச்சது. அந்த வாடிக்கையாளர் பேரை ஃபாஸ்ட்லி வெளியிடலை. நியாயம்தானே?