எல்லையோர ஊரில் வீட்டுக்கடன்: பள்ளிப்பட்டுப் பத்திரங்கள் வழியே ஓர் ஆய்வு

வீட்டுக்கடனின் வரலாற்றை வங்கிகளின் வரலாறாக எழுதுவதே வழக்கம். ஆனால் மாதத் தவணை, சம்பளச் சான்று எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. விண்ணப்பத்தின் மையம் என்றும் வில்லங்கம் பார்ப்பதே என்பது இக்கட்டுரையின் வாதம். அதைத் துலக்கமாகக் காட்டும் ஊர், தமிழக–ஆந்திர எல்லையிலுள்ள பள்ளிப்பட்டு.

வங்கிக்கு முன் ஒத்தி இருந்தது. கடன் கொடுத்தவர் வீட்டைத் தம் அனுபவத்தில் வைத்துக்கொள்வார். வட்டிக்கு அதுவே ஈடு. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் இந்த ஒத்தியையும் பிற அடமானங்களையும் வகைப்படுத்தியது. நூறு ரூபாயும் அதற்கு மேலுமான அடமானங்களுக்கு அது பதிவைக் கட்டாயமாக்கியது. ஒரு விலக்கு மட்டும் தந்தது: சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களில் மூலப் பத்திரத்தை ஒப்படைத்தாலே கடன் வாங்கலாம். சொத்து எங்கிருந்தாலும் சரி, பத்திரம் கைமாறும் இடம் அந்நகரமாக இருந்தால் போதும். பட்டணத்து வணிகருக்குக் கிடைத்த இந்த வசதி, தறிக்குழியும் அடுப்படியும் ஒரே கூரையின்கீழ் இருந்த பள்ளிப்பட்டு நெசவாளருக்கு எட்டவில்லை. அவருக்கு முத்திரைத்தாளும் பதிவுச் செலவும்தான். இதை அநீதி என்றே சொல்வேன்.

பள்ளிப்பட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1953இல் ஆந்திர மாநிலத்தோடு போயிற்று. தமிழ்த் தலைவர்களான ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வட எல்லைப் போராட்டத்துக்குப் பின், எல்லைத் தகராற்றை ஆராய்ந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 1997இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது. ஆகவே, நின்ற இடத்திலேயே நிற்கும் ஒரு பூர்வீக வீட்டுக்குத் தாத்தாவின் கிரயப் பத்திரம் 'சித்தூர் ஜில்லா' என்றும், அப்பாவின் பாகப்பிரிவினை 'செங்கல்பட்டு' என்றும், பேரனின் பட்டா 'திருவள்ளூர்' என்றும் சொல்லக்கூடும். முதல் பத்திரம் தெலுங்கில் இருந்தால் வங்கி வழக்கறிஞருக்கு மொழிபெயர்ப்பும் வேண்டும்.

முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று கேட்கும் வழக்கத்துக்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. பழைய காலவரையறைச் சட்டப்படி, அடகு வைத்த அசையாச் சொத்தை மீட்க அறுபது ஆண்டு அவகாசம். 1963ஆம் ஆண்டுச் சட்டம் அதை முப்பதாகக் குறைத்தது. அதற்குள் பழைய உரிமைக்காரர் யாரேனும் வரக்கூடும் என்ற அச்சமே அந்தச் சான்றின் பின்னணி. பூர்வீகச் சொத்தானால் முப்பதோடு தேடல் நிற்பதில்லை. 1960ஐத் தாண்டிச் சித்தூர் மாவட்டக் காலத்துக்கே போகவேண்டியிருக்கும்.

1969இன் வங்கி நாட்டுடைமை, 1977இல் எச்.டி.எஃப்.சி., 1988இல் தேசிய வீட்டுவசதி வங்கி என நிறுவனங்கள் பெருகின. 2002ஆம் ஆண்டுச் சர்ஃபாசி சட்டம் நீதிமன்றம் போகாமலே வீட்டைக் கைப்பற்றும் அதிகாரத்தை வங்கிக்குத் தந்தது. எனினும் கடன் கேட்பவருக்குப் பதிவுச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தமே முக்கியம் எனக் கருதுகிறேன். பத்திரம் ஒப்படைத்ததற்கான ஒப்பந்தத்தையும் பதியவேண்டும் என்றது அது. அதுவரை பெட்டகத்துக்குள் மறைந்திருந்த கடன், வில்லங்கச் சான்றில் வெளிப்படையாக ஏறியது. ஒரே வீட்டைக் காட்டி இரண்டு இடத்தில் கடன் வாங்குவது கடினமாயிற்று.

பள்ளிப்பட்டில் விசைத்தறிக் கூலியில் வாழ்பவருக்குச் சம்பளச் சான்று கிடையாது. வங்கிக் கணக்கின் வரவுசெலவும் வருமானவரிக் கணக்கும்தான் அவருக்குச் சாட்சி. கடன் தீர்ந்த பின்னும் வேலை பாக்கி உண்டு: சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்தால்தான் அடமானம் தீர்ந்தது வில்லங்கத்தில் தெரியும். 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் முடிந்த முப்பது நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தந்து பதிவையும் நீக்கவேண்டும், தங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்கவேண்டும் என்று கடன் நிறுவனங்களுக்கு ஆணையிட்டது.