எங்கே நின்று எடுப்பது? - கொங்கு நாட்டு ஒளிப்படங்கள் சொல்லும் பாடம்

ஒளிப்படக் கலையில் ஆர்வம் கொண்டு புதிதாக வரும் நண்பர்கள் எங்களிடம் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எந்தக் கேமரா வாங்கலாம்?" எங்கே நின்று எடுப்பது என்ற கேள்வி பல ஆண்டுகள் கழித்தே வருகிறது. சிலருக்கு அது வருவதே இல்லை.

நாங்களும் அப்படித் தொடங்கியவர்கள்தாம். ஒருமுறை பேரூர்ப் பெரியகுளத்தின் கரையில், இரவல் வாங்கிய நீண்ட லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுவதும் நீர்க்காகங்களைப் படமெடுத்தோம். இறகுகளில் நீர்த்துளி தெரியும் அளவுக்குப் படங்கள் துல்லியமாக வந்திருந்தன. ஓராண்டு கழித்து அவற்றை எடுத்துப் பார்த்தபோது, எந்தப் படம் பேரூரில் எடுத்தது, எது சிங்காநல்லூரில் எடுத்தது என்று எங்களுக்கே தெரியவில்லை. குளமும் கரையும் மேற்கே நிற்கும் மலையும் படத்துக்கு வெளியே போய்விட்டிருந்தன. பறவை மட்டும் இருந்தது; அது எந்த ஊர்ப் பறவையாகவும் இருக்கலாம். அந்த ஏமாற்றத்துக்குப் பிறகுதான், இந்த மண்ணிலும் இதைச் சுற்றியும் நமக்கு முன் கேமரா பிடித்தவர்கள் எங்கே நின்றார்கள் என்று தேடத் தொடங்கினோம்.

முக்காலி ஊன்றிய இடம்

பாரிசில் தாகேரின் முறை வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சென்னை மாகாண அரசு தனக்கென ஓர் ஒளிப்படக்காரரை நியமித்துவிட்டது. அவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி. 1857இன் இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்டவர், சேலம் மாவட்டத்து ராயக்கோட்டை, திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனப் பயணம் செய்து படமெடுத்தார். ராயக்கோட்டைத் தொகுதி 1858இல் வெளிவந்தது. கொங்கின் வடவெல்லையை ஒட்டிய இந்த மலைக்கோட்டை 1791இல் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் கைப்பற்றியது. கோயம்புத்தூருக்கென்று டிரைப்பின் தொகுதி எதுவும் இல்லை.

டிரைப் பயன்படுத்தியது மெழுகூட்டிய காகித நெகட்டிவ். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 அங்குல அகலமும் 15 அங்குல நீளமும் கொண்டது. பெரிய மரப்பெட்டிக் கேமரா, முக்காலி, ரசாயனங்கள், தண்ணீர், இவற்றைச் சுமக்க ஆட்கள், வண்டிகள் என்று ஒரு பரிவாரமே உடன் போக வேண்டும். ஒளி பதிய நெடுநேரம் ஆகுமாதலால் அசையும் எதுவும் தெளிவாக விழாது. இத்தனை பாடுபட்டு முக்காலியை ஊன்றுபவர், அதை ஊன்றும் முன்பு கோட்டையை நடந்து சுற்றிப் பார்த்தே தீரவேண்டும்.

தஞ்சைப் பெரியகோயிலில் அவர் செய்த பணி இன்றும் வியப்புக்குரியது. விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாக 21 நெகட்டிவ்களில் எடுத்து, அச்சிட்டு, ஒட்டிச் சேர்த்தார். நீளம் ஏறக்குறைய 19 அடி. சுவருக்கு இணையாக, ஒரே தொலைவில், ஒரே உயரத்தில் கேமரா நகர்ந்தால்தான் அப்படி ஒட்ட முடியும்.

விசயமங்கலத்துக் கல்வெட்டையோ ஊர்ப்புறத்து நடுகல்லையோ படமெடுக்கச் செல்லும் நண்பர்கள் இதை அப்படியே பின்பற்றலாம். கேமராவின் பின்பக்கம் கல்லுக்கு இணையாக இருக்கட்டும். அண்ணாந்து எடுத்தால் மேலெழுத்துகள் சிறுத்து, கல் பின்னோக்கிச் சாயும். கோபுரம் சாய்ந்து தெரிவதும் இதனால்தான். பின்னே நகர்ந்தும், கிடைத்தால் எதிர்மாடி ஒன்றில் ஏறியும் கேமராவை நிமிர்த்திப் பிடிப்பதே வழி. வெயில் நேர்முன்னே விழும் நேரத்தில் எழுத்து தட்டையாகிவிடும். பக்கவாட்டில் சரிந்து விழும் காலை, மாலை வெயிலில்தான் உளி சென்ற பள்ளத்தில் நிழல் நிற்கும்.

சென்னை மாகாணத்தின் புதிய கவர்னர் டிரெவெல்யன், செலவு மிகுதி என்று கருதி 1859இல் இப்பணியை நிறுத்தச் செய்தார். டிரைப் சேர்த்தவை தப்பிப் பிழைத்தன. அவர் போகாத ஊர்களுக்கு அந்தக் காலத்துச் சாட்சி அமையவில்லை.

மலையும் சமவெளியும்

நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. கோடைக்கு மலையேறிய ஐரோப்பியர்களால் அங்கே ஒளிப்படத்துக்குச் சந்தை உருவாயிற்று. உதகையில் ஏ.டி.டபிள்யூ. பென் ஒளிப்படத் தொழில் நடத்தினார். நீலகிரியின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் தொல்குடிகளைப் பற்றியும் தொல்சின்னங்களைப் பற்றியும் எழுதிய நூல் 1873இல் ஒளிப்படங்களுடன் வந்தது. தோடர் மந்துகளும் புல்வெளிகளும் மிகுதியாகப் படமாயின.

கீழே சமவெளியில் நிலைமை வேறு. ஒளிப்படம் என்பது ஸ்டுடியோவுக்குள் நடக்கும் காரியமாகவே நெடுங்காலம் இருந்தது. அரண்மனைப் படிக்கட்டும் பூந்தோட்டமும் தீட்டிய திரைச்சீலைக்கு முன்னால் குடும்பம் விறைப்பாக நிற்கும். அப்படங்கள் நமக்கு மதிப்பற்றவை அல்ல. தாத்தா பாட்டியின் முகம் தெரிவதே அவற்றால்தான். ஆனால், அந்தத் தாத்தா வாழ்நாளெல்லாம் நின்ற இடம் அரண்மனைப் படிக்கட்டு அன்று. ஆழக்கிணற்றின் மேட்டில் காங்கேயம் காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்தவர் அவர். 1932இல் பைக்காரா மின்னிலையம் இயங்கத் தொடங்கி மின்சாரம் சமவெளிக்கு இறங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் மோட்டார்கள் கிணறுகளுக்கு வர, கவலை மெல்ல மறைந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஆர். ஷண்முகசுந்தரம் 'நாகம்மாள்' (1942) நாவலில் கொங்குக் கிராமத்தைச் சொல்லில் நிறுத்திவைத்தார். ஒளிப்படத்தில் அதற்கு இணையான ஒரு பதிவை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தொலைவை அளந்தவர்

கோவையில் கேமரா இல்லாமலில்லை. கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு (1893–1974) கருவிகளின் மீது தீராத காதல் கொண்டவர். 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே திரைப்படமாக எடுத்தார். சினிமாக் கேமராவுக்குத் தொலைவைச் சரிசெய்யும் ஒரு கருவியும் அவருடைய கண்டுபிடிப்புகளில் ஒன்று. டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து 1937இல் அவர் உருவாக்கியது இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் என்று கருதப்படுகிறது.

தொலைவு என்ற சொல்லை ஆர்வலர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். பெர்ஸ்பெக்டிவ் என்று கலைஞர்கள் சொல்வது, அருகில் உள்ளதும் தூரத்தில் உள்ளதும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரியதாகத் தெரிகின்றன என்பதைத்தான். அதை லென்ஸ் தீர்மானிப்பதாகப் பலர் நம்புகிறார்கள். தீர்மானிப்பது நாம் நிற்கும் தொலைவு. நின்ற இடத்திலிருந்தே லென்ஸை மாற்றினால், காட்சியின் ஒரு பகுதி பெரிதாக வெட்டப்படுமே ஒழிய, பனைமரத்துக்கும் அதன் பின்னுள்ள மலைக்கும் உள்ள உறவு மாறாது. பனையை விட்டு இருநூறு அடி பின்னே நடந்து, நீண்ட லென்ஸால் பாருங்கள்; மலை எழுந்து பனைக்குப் பின்னால் வந்து நிற்கும். பனையருகே போய் அகன்ற லென்ஸால் பாருங்கள். மலை அடிவானத்தில் கோடாகிவிடும். குழந்தையின் முகத்தருகே செல்பேசியை நீட்டினால் மூக்கு பெருப்பதும் இதே கணக்கில்தான். முதலில் நடந்து இடத்தைத் தேர்ந்து, பிறகு லென்ஸைத் தேர்வதே சரியான வரிசை.

யானை முதுகிலிருந்து

இந்த வரிசையை வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தவராக எங்களுக்குத் தெரிபவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கையியலாளர், 1996இல் மறைந்தவர். முதுமலையிலும் ஆனைமலையிலும் நடந்தும், வனத்துறை யானைகளின் முதுகில் அமர்ந்தும் காட்டுயிர்களைப் படமெடுத்தார். கருப்பு வெள்ளையில்தான் எடுப்பார். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலிப்பெயர் வைத்திருந்தார். விலையுயர்ந்த கருவி இல்லாததைக் குறையாகச் சொல்லும் நண்பர்கள் இந்தப் பெயரை நினைவில் கொள்ளலாம்.

அவருடைய யானைகள் சட்டகத்தை முட்டிக்கொண்டு நிற்பதில்லை. சுற்றிலும் மூங்கிலும் புல்லும் உண்டு. யானை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதும் தெரியும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. அங்கு வாழ்வனவற்றைக் கருப்பொருள் என்றது. நிகழும் உணர்வை உரிப்பொருள் என்றது. ஒரு படத்தைக் கட்டமைக்க இதைவிட நல்ல விதி எங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் நீர்க்காகப் படங்களில் கருப்பொருள் மட்டுமே இருந்தது.

இதில் அறமும் உண்டு. நெருங்கும் ஆசையில் நாரைக் கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிடுவதும், மலையடிவாரத்தில் யானையைப் பார்த்தவுடன் செல்பேசியோடு ஓடுவதும் அவ்வுயிர்களுக்கும் நமக்கும் கேடு. விலகி நின்றால் விலங்குக்கு அமைதி கிடைக்கும். நமக்கு நிலமும் சேர்ந்து கிடைக்கும்.

பன்னிரண்டு படங்கள்

தூசியற்ற குளிர்க்காற்றை நாடி, 1960இல் உதகையில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. 1967இல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளைச் சுருள்கள் வந்தன. மலையில் செய்த சுருள் நம் ஊர் ஸ்டுடியோவரை இறங்கி வந்த காலம் அது. சதுரப் படம் எடுக்கும் கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள்தாம். பன்னிரண்டே என்னும்போது பொத்தானை அழுத்தும் முன் ஒருமுறை சுற்றி நடந்து பார்ப்போம். 1996இல் நலிவடைந்ததாக அறிவிக்கப்பட்ட அந்நிறுவனம் பின்னர் மூடப்பட்டது. சுருள் போயிற்று, அது கற்பித்த சிக்கனத்தை நாம் வைத்துக்கொள்ளலாம். எந்தக் கேமராவானாலும், ஒருநாளைக்குப் பன்னிரண்டே படங்கள் என்று நாங்கள் சில மாதங்களாக எடுத்துவருகிறோம். படங்கள் குறைந்தன, நடை கூடியது.

நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். உங்கள் ஊர்க் குளம், சந்தை, கைத்தறி, பாழ்கிணறு இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன் எதிரே ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே உயரத்தில் நின்று எடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேகங்கள் வெயிலை மெத்தென்று ஆக்கும். அது நல்ல காலம். மேற்கு மலையடிவாரத்தில் மாலை வெயில் சீக்கிரம் மலைக்குப் பின்னே போய்விடும். அங்கே காலையில் போவது நல்லது. படத்தின் கீழே ஊர்ப்பெயரும் தேதியும் எழுதிவையுங்கள்.

கவலை இறைத்த கிணற்றுமேட்டின் எதிரே முக்காலி ஊன்ற அன்று ஆள் வரவில்லை. இன்று எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. பேரூர்ப் பெரியகுளத்துக்கு நாங்கள் மறுபடி போனபோது, மேற்குமலை முழுதும் தெரியும்படி கரையில் ஓரிடம் பார்த்து, அடையாளத்துக்கு ஒரு கல்லைப் போட்டு வைத்திருக்கிறோம். நீர்க்காகம் அந்தப் படத்தில் ஒரு கரும்புள்ளியாகத்தான் தெரிகிறது. ஆனால், எந்தக் குளம் என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.